படம் இருநூற்று மூன்றின் பின்பக்கம்

1

இந்தக் கதை ஒரே ஒரு வரியாக இருந்திருக்க வேண்டியது. அந்த ஒரு வரியைத்தான் கண்ணாடிக்காரர் என்னிடம் எழுதித் தரச் சொன்னார். நான் எழுதிக் கொடுத்த எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. மிச்சமாகிப்போன காகிதங்களைத் தூக்கிப்போட மனம் வராமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிட்டேன். பிறகு ‘என்ன இவன் இப்படி நீட்டி முழக்குகிறான்’ என்று சலித்துக்கொள்ளக் கூடாது.

நடந்தது இதுதான். என் மூக்குக்கண்ணாடியின் மேல் நானே உட்கார்ந்துவிட்டேன். முப்பது ஆண்டுகளாக அவர் கடையில்தான் கண்ணாடி மாற்றுகிறேன். வளைந்துபோன ஃபிரேமைக் கையில் வாங்கியவர் அதைப் பார்க்கவே இல்லை.

“நீங்க எழுதறவர்தானே?”

“ஆமா.”

“ஒரு வரி எழுதிக் குடுக்கணும். சின்ன வரிதான். திங்கக்கிழமைக்குள்ள வேணும்.”

“எதைப் பத்தி?”

“பச்சையைப் பத்தி” என்றார். உடனே தலையை ஆட்டினார். “இல்லை, பச்சையைப் பத்தி இல்லை. அதுதான் பிரச்சினையே.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கதை மூக்கில் வந்து ஏறி உட்கார்ந்துகொண்டது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘நாட்டுக்கே தன் ஓவியங்களைத் தந்துவிட்ட அந்த மனிதர், காலியான தன் வீட்டுச் சுவரைப் பார்த்து’

(பார்த்து என்ன செய்தார்? பெருமூச்சு விட்டார் என்று எழுதப் போனேன். அவர் பெருமூச்சு விடுகிற ஆள் இல்லை, மூக்கை உறிஞ்சுகிற ஆள். அப்படி எழுதினால் அழுகிறார் என்று நினைத்துக்கொள்வீர்கள். அவருக்கு இருப்பது வெறும் தூசி ஒவ்வாமை.)

இரண்டாவது தொடக்கம்:

‘நானூற்றுப் பன்னிரண்டு படங்கள். ஒரு மனிதர். ஒரு’

(இந்த மாதிரித் தொடக்கங்களைப் பார்த்தால் எனக்கே என்னைப் பிடிக்காமல் போகிறது.)

மூன்றாவதைத் தொடக்கம் என்று சொல்ல முடியாது. அதில் அவருடைய மனைவியை அழவைத்திருந்தேன். அந்தக் காகிதத்தை ஞாபகமறதியாகக் கடையில் விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் போனபோது அந்த அம்மா அதை நான்காக மடித்து என் கையில் கொடுத்து, “நான் எப்போ அழுதேன்?” என்று கேட்டார். அசடு வழிந்தேன். ஆகவே நான்காவது முறை ஒழுங்காக, நடந்ததை நடந்தபடி சொல்லப் பார்க்கிறேன்.

3

கண்ணாடிக்காரருக்குக் கீழே கடை, மேலே வீடு. கடையின் முன்பகுதியில் ஃபிரேம்கள் அடுக்கிய அலமாரிகள். நடுவில் ப்ளைவுட் தடுப்பு போட்ட, கண் பரிசோதிக்கும் அறை. கடைசியில், லென்ஸை ஃபிரேமின் அளவுக்கு உரசி எடுக்கும் சக்கரம் பொருத்திய மேசை. அந்த மேசை மனைவியின் ராஜ்ஜியம். அந்த அம்மா உரசிக் கொடுத்த லென்ஸ் ஃபிரேமில் கச்சிதமாகப் போய் உட்காரும். இரண்டாம் முறை கைவைக்க வேண்டியிருக்காது.

முதல் படத்தை அவர் ரசித்து வாங்கவில்லை. கண் பார்க்க வைத்த எழுத்துப் பலகை அந்தத் தெருவுக்கே பழகிப்போயிருந்தது. வருகிறவர்கள் கடைசி வரிவரைக்கும் மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு, கண் நன்றாக இருக்கிறது என்று எழுந்து போவார்கள். போகும்போது வாசற்படியில் தடுக்குவார்கள். பார்த்துப் பார்த்து அலுத்தவர், பலகைக்குப் பக்கத்தில் ஒரு ஓவியத்தை மாட்டினார். “இதுல என்னென்ன தெரியுது, சொல்லுங்க பார்ப்போம்.” படத்தை வைத்துக்கொண்டு யாரும் அவரை ஏமாற்ற முடியவில்லை. ஆனால் ஒரே படம் என்றால் அதுவும் மனப்பாடமாகிவிடும் அல்லவா? மாதத்துக்கு ஒன்று மாற்ற ஆரம்பித்தார். அப்படித்தான் அவருக்குப் பைத்தியம் பிடித்தது. கொஞ்ச காலத்தில் தொழிலைச் சாக்குச் சொல்வதையும் நிறுத்திவிட்டார்.

அந்த நாட்களில் அவருக்குப் படம் விற்றவர்கள் பெயர் தெரியாத ஓவியர்கள். வாடகை அறையின் சமையல் மேடையில் அட்டையைச் சாய்த்துவைத்து வரைந்தவர்கள். பின்னால் அவர்களில் பாதிப் பேருக்கு உலகப் பெயர் கிடைத்தது. அவர் அதை எதிர்பார்த்து வாங்கவில்லை. பிடித்தது, வாங்கினார். மேலே வீட்டில் சுவர் தெரியாத அளவுக்குப் படங்கள் ஏறின. ஒரு ஜன்னலின் மேலேயும் ஒன்று ஏறியது.

இன்னொரு பழக்கம் இருந்தது. அதுதான் இந்தக் கதை. லென்ஸ் உறையின் மேல் பென்சிலால் பவரை எழுதும் கை, படத்தின் பின்பக்க அட்டையிலும் எழுதியது. எண், தேதி, வரைந்தவர், ஏன் வாங்கினேன். ‘எண் 9. மழை விடவில்லை. கடைக்குள் ஒதுங்கினேன். ஒதுங்கியதற்கு வாங்கினேன்.’ ‘எண் 64. மூக்கு தப்பாக இருக்கிறது. அதுதான் பிடித்தது.’ நானூற்றுப் பன்னிரண்டு பின்பக்கங்களிலும் இப்படி.

[அடிக்குறிப்பு. அடியில் இடமில்லாததால் இங்கேயே: ‘அவர் மனசுக்குள் நீ எப்போது போய்ப் பார்த்தாய்?’ என்று சிலர் கேட்பார்கள். போகவில்லை. ஃபிரேமை நிமிர்த்தித் தருகிறேன் என்று ஆறு தடவை வரவழைத்து, ஆறு தடவையும் அவரே சொன்னார். கண்ணாடி மட்டும் கைக்கு வந்தபாடில்லை.]

4

ஒரு நாள் ஓவிய நிபுணர் ஒருவர், தன் கண்ணாடியில் கழன்ற திருகாணியை மாட்டிக்கொள்ளக் கடைக்கு வந்தார். திருகாணியை முடுக்க இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடமும் அவர் பரிசோதனை அறையின் சுவரைப் பார்த்தபடி நின்றார். பிறகு மேலே போகலாமா என்று கேட்டார். மேலே போனவர் சாயங்காலம்தான் கீழே இறங்கினார்.

அதற்குப் பிறகு குழு வந்தது, கேமரா வந்தது, அமைச்சகத்திலிருந்து கடிதம் வந்தது. கண்ணாடிக்காரர் யோசிக்கவே இல்லை. “நான் பார்த்தாச்சு. இனிமே எல்லாரும் பார்க்கட்டும்” என்று ஒரு காசு கேட்காமல் அத்தனையையும் கொடுத்துவிட்டார். அரசிதழில் ‘தேசியச் சொத்து’ என்று அறிவிப்பு வந்தது. அந்த அம்மாவுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் வேறு.

“நம்ம கூடத்துல ஜன்னல் இருந்ததே எனக்கு மறந்துபோச்சுங்க. பாருங்க, வெளிச்சம் எப்படி வருது!”

கொடுக்கும்போது அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அருங்காட்சியகத்துக்காரர்கள் படத்தை ஓரம் வெட்டுவார்கள், புதிய சட்டகம் போட்டு மினுக்குவார்கள் என்று யாரோ காதில் போட்டிருந்தார்கள். ஒப்பந்தத்தில் அவரே சொல்லிச் சொல்லி எழுதவைத்த வரி இது: ‘படங்களின் முன்பக்கம், பின்பக்கம், சட்டகம், ஆணி ஆகிய எதிலும் எதையும் சேர்க்கவோ நீக்கவோ திருத்தவோ எவருக்கும் உரிமை இல்லை; கொடுத்தவர் உட்பட.’

‘கொடுத்தவர் உட்பட’ என்பதைச் சொல்லிவிட்டு அவர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாராம். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அப்போது அவருக்குத் தெரியவில்லை.

5

அருங்காட்சியகத்தில் படங்களைப் பராமரிக்கும் பெண்ணைக் கண்ணாடிக்காரர் ‘கையுறை’ என்று சொல்வார். கையுறை இல்லாமல் அவரைக் கண்டதில்லையாம். திறப்பு விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது கையுறை போன் செய்தார்.

“சார், முன்பக்கம் எல்லாருக்கும் தெரியும். பின்பக்கம்தான் பொக்கிஷம்! நூத்தி எண்பத்தேழை ரெண்டு பக்கமும் தெரியற மாதிரி கண்ணாடிப் பெட்டியில கூடத்தோட நடுவுல வைக்கிறோம். திறந்துவைக்கப் போறது உங்க வீட்டம்மாதான்.”

கண்ணாடிக்காரர் போனைத் தலைகீழாக வைத்தார். எண் நூற்று எண்பத்தேழு: பாதி திறந்த கதவு, பின்னால் மஞ்சள் சுவர். சேகரிப்பிலேயே பேர் பெற்ற படம். அதன் பின்பக்கத்தில், கல்யாணமான மூன்றாம் வருடத்தில், ஒரு பெரிய சண்டைக்கு மறுநாள் எழுதியது அவருக்கு எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருந்தது:

‘இவளைக் கட்டிக்கொண்டது தப்பு. இந்தப் படத்தை வாங்கியது தப்பில்லை.’

மறுநாளே கிளம்பிப் போனார். சட்டைப் பையில் அழிரப்பர். வாசலில் சோதனை போட்டவர் அதை எடுத்து வைத்துக்கொண்டார். பேனாவையும் எடுத்துக்கொண்டார், படம் இருக்கும் அறைக்குள் மை போகக் கூடாதாம். குறிப்பெடுக்க வேண்டுமென்றால் இது என்று ஒரு பென்சிலைக் கொடுத்தார். பென்சிலின் வாலில் சின்னதாக ஒரு ரப்பர். கண்ணாடிக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

கையுறை படத்தைக் கம்பளி விரித்த மேசையில் குப்புறக் கிடத்தினார். யாரோ கூப்பிட, “ரெண்டு நிமிஷம் சார்” என்று வெளியே போனார்.

(இங்கே எனக்கு இரண்டு வழி இருந்தது. அழிக்கிறார் என்று எழுதினால் கதை சூடு பிடிக்கும்: காவலர், வழக்கு, பத்திரிகை. உங்களுக்கும் பொழுது போகும். ஆனால் அவர் அழிக்கவில்லை. நான் என்ன செய்ய?)

ரப்பரை அட்டையில் வைக்கக் குனிந்தார். வாழ்நாளெல்லாம் கண்ணாடியில் கீறல் தேடிய கண் அது. ‘தப்பு’ என்று எழுதும்போது அவ்வளவு அழுத்தியிருக்கிறார், அட்டையே குழிந்திருந்தது. பென்சில் போனாலும் பள்ளம் போகாது. நிமிர்ந்தார். ஒப்பந்தத்தில் தான் போட்ட கையெழுத்தும் ஞாபகம் வந்தது. பென்சிலை மேசையில் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

உள்ளே வந்த கையுறை அவரையும் பென்சிலையும் மாறி மாறிப் பார்த்தார். “அழிச்சிருந்தாலும் பக்கத்துல இருந்து லைட் அடிச்சா தெரியும் சார்” என்றார் சாதாரணமாக. “வீட்ல முன்னாடியே சொல்லிடுங்களேன்.”

6

சொல்வதற்கு அவர் தேர்ந்தெடுத்த நேரத்தைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. சக்கரம் சுற்றும் சத்தத்தில் பாதி காதில் விழாது, விழாத பாதியில் தப்பித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார். அம்மா உரசல் மேசையில் குனிந்திருந்தார். கண்ணாடிக்காரர் பக்கத்தில் போய் நின்று, சத்தத்துக்கு மேல் கத்தினார்:

“ஒரு படத்துக்குப் பின்னாடி எழுதிட்டேன்! உன்னைக் கட்டிக்கிட்டது தப்புன்னு!”

‘உன்னை’ என்னும்போதே அம்மா சுவிட்சை அணைத்துவிட்டார். மிச்சம் கடை முழுக்கக் கேட்டது. முன்னால் ஃபிரேம் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் அலமாரிக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டார்கள்.

“நூத்தி எண்பத்தேழா?” என்றார் அம்மா.

“உனக்குத் தெரியுமா?”

“தூசி தட்டினது யாரு, நீங்களா?”

“படிச்சியா? எல்லாத்தையுமா?”

“நானூத்திப் பன்னிரண்டையும்.”

“கோவம் வரலையா?”

“அன்னிக்கு சண்டை போட்டோம், எழுதினீங்க. அதுல நான் இருக்கேன்ல?” லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். குரல் மாறியது. “இருநூத்தி மூணுலதான் நான் இல்லை. அவளும் இல்லை.”

சக்கரம் மறுபடி சுற்ற ஆரம்பித்தது. கண்ணாடிக்காரர் மாடிக்குப் போய், பின்பக்கக் குறிப்புகளோடு நகல் எடுத்து வைத்திருந்த பட்டியலைப் புரட்டினார். எண் இருநூற்று மூன்று: புல்வெளி மாதிரி ஒன்று, முழுக்கப் பச்சை. அவர் எழுதியது, ‘பச்சை நல்ல பச்சை. சட்டகம் மாற்ற வேண்டும்.’ தேதியைப் பார்த்தார். மகள் பிறந்த தேதி.

அன்றைக்கு அவர் மருத்துவமனைக்குச் சாயங்காலம் போனார். கக்கத்தில் இந்தப் படம். வைக்க இடமில்லாமல் தொட்டில் ஓரமாகச் சாய்த்துவைத்தார், நர்ஸ் சத்தம் போட்டார். அதெல்லாம் வீட்டில் சிரித்துச் சிரித்துச் சொல்கிற கதை. ஆனால் பகல் முழுக்க ஒருத்தி வலியில் கிடந்த நாளில், மூக்கையும் மழையையும் பற்றி எழுதத் தெரிந்த மனிதர் பச்சையைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறார். முப்பத்தெட்டு வருடமாக அந்த அம்மா அதைத் துடைத்துத் துடைத்து மாட்டியிருக்கிறார். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வெளியூரிலிருக்கும் மகளுக்குப் போன் போட்டார். “பச்சை நல்ல பச்சைதானேப்பா, விடுங்க” என்று மகள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அழிக்க முடியவில்லையே என்று தவித்தவருக்கு இப்போது சேர்க்க முடியவில்லையே என்று இருந்தது. அதற்கும் அவர் போட்ட நிபந்தனையே குறுக்கே நின்றது.

7

வழி சொன்னது கையுறைதான். படங்களைப் பற்றிய பெரிய புத்தகம் அச்சுக்குப் போகிறது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே ‘சேகரித்தவர் சொன்னது’ என்று ஓர் இடம் உண்டு. அதே வரி கூடத்தில் படத்துக்குக் கீழேயும் இருக்கும். திங்கட்கிழமை காலைக்குள் சொன்னால் சேர்த்துவிடலாம். ஆக, மனைவிக்காக ஒரு வரி, காலத்துக்கும் நிற்கிற இடத்தில். அந்த வரிக்காகத்தான் என் ஃபிரேம் பிணையாகப் பிடிபட்டது.

நான் எழுதிக் கொடுத்தவை:

அ) ‘இந்தப் பச்சையை வாங்கிய நாளில்தான் என் வாழ்க்கை துளிர்த்தது.’

“வாழ்த்து அட்டையில போடற மாதிரி இருக்கு” என்றார்.

ஆ) ‘அன்று எனக்கு மகள் பிறந்தாள்.’

“இதுக்கு முனிசிபாலிட்டிலயே சர்டிஃபிகேட் குடுத்திருக்காங்களே.”

இ) ‘என்னை மன்னித்துவிடு.’

இதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “படிக்கறவங்க நான் என்ன கொலை பண்ணினேன்னு தேடுவாங்க” என்று திருப்பித் தந்தார்.

ஈ) ‘அன்று பகல் முழுவதும் நான் எங்கே’

(இது பாதியில் நிற்கிறது. அவர் அன்று பகல் முழுவதும் எங்கே இருந்தார் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டேன். “அதை விடுங்க” என்றார். அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது, நான் எழுதிக் கொடுக்கிற வரி இல்லை இது என்று. அவரிடமே சொல்லிவிட்டேன். “அப்போ எழுத்தாளர்னு எதுக்கு இருக்கீங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்வி.)

8

திங்கட்கிழமை காலை போனேன். என் கண்ணாடி தயாராக மேசைமேல் இருந்தது. கடையில் வேறு யாரும் இல்லை. தடுப்புக்குப் பின்னால் கண்ணாடிக்காரர் மனைவிக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தார். வருடா வருடம் பார்ப்பாராம். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

“என்ன தெரியுது?”

“சுவர். படத்தைத்தான் குடுத்துட்டீங்களே.”

“இப்போ?”

“அதே சுவர். ஆணி அடிச்ச ஓட்டை தெரியுது.”

லென்ஸைக் கழற்றிக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் பேசினார். தாழ்ந்த குரல். நீளமாகச் சொல்லவில்லை. என் நான்கு வரிகளில் எதையும் சொல்லவில்லை. அன்று பகல் எங்கே இருந்தார், அந்தப் பச்சை மட்டும் ஏன் கண்ணில் பட்டது என்பதை ஒரே மூச்சில் சொல்லி நிறுத்தினார்.

நாற்காலி கிரீச்சிட்டது, அம்மா அவர் பக்கம் திரும்பினார் போலிருக்கிறது. அப்புறம், “இதை அப்பவே சொல்றதுக்கு என்ன?”

“நீ கேட்கலையே.”

“கேட்டாத்தான் சொல்லணுமா?”

“எழுத வரலை. எழுத வந்தது பச்சைதான்.”

“நல்லா வந்துச்சு போங்க.” சொல்லிவிட்டு அம்மா சிரித்தார். மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது. யாருடையது என்று சொல்ல மாட்டேன். ஏற்கெனவே ஒருமுறை மாட்டிக்கொண்டவன் நான்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. கையுறை. இருவரும் வெளியே வந்தார்கள். கண்ணாடிக்காரர் போனை எடுத்து, “சொல்றேன், எழுதிக்கோங்க” என்று தொண்டையைச் செருமினார். அம்மா கையை நீட்டிப் போனை வாங்கி, உள்ளங்கையால் பொத்தினார்.

“வேணாம்.”

“என்ன வேணாம்? உனக்காகத்தானே...”

“நானூத்திப் பன்னிரண்டையும் குடுத்தாச்சு. முன்னாடியும் குடுத்தாச்சு, பின்னாடியும் குடுத்தாச்சு. ஆணியைக்கூடக் குடுத்தாச்சு. இது என்கிட்டயே இருக்கட்டுங்க.”

அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு போனை வாங்கி, “இருநூத்தி மூணுக்கு ஒண்ணும் இல்லைம்மா. சும்மா விட்டுடுங்க” என்றார். அப்படிச் சொன்னபோது அந்த முகத்தில் இருந்த நிம்மதியை நான் முன்பு பார்த்ததில்லை.

அம்மா என் பக்கம் திரும்பினார். “நீங்க கேட்டீங்களா?”

“இல்லையே.”

“ப்ளைவுட்டு எனக்குத் தெரியாதா? கதை எழுதுவீங்கன்னும் தெரியும். எழுதிக்கோங்க. அந்த வார்த்தையை மட்டும் விட்டுடுங்க.”

சரி என்றேன்.

9

அதனால்தான் அது இங்கே இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். வேறு முடிவுகள் எழுதிப் பார்க்காமல் இல்லை. அவர் சொன்னதைக் கொஞ்சம் மாற்றி, ஆள் அடையாளம் தெரியாமல் வைத்துப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. அந்த அம்மா படித்தால் கண்டுபிடித்துவிடுவார் என்று கிழித்துப் போட்டேன். அவர் சொன்னதைவிட அழகான பொய் ஒன்றையும் எழுதினேன்; அதுவும் அவருக்குச் செய்யும் துரோகம் என்று பட்டது. உங்களுக்கு வேண்டுமானால் நீங்களே ஒரு வரி சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம்.

திறப்பு விழாவை மட்டும் சொல்லி முடிக்கிறேன். அம்மா நாடாவை வெட்டினார். எல்லோரும் நூற்று எண்பத்தேழைச் சுற்றி மொய்த்தார்கள். பின்பக்கத்தைப் படித்துவிட்டு ஒரு நிருபர் தயங்கித் தயங்கி, “இதைப் பார்த்தா உங்களுக்கு என்ன தோணுதும்மா?” என்று கேட்டார்.

“அன்னிக்கு எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. என்கிட்ட எழுத அட்டை இல்லை” என்றார் அம்மா. கூடமே சிரித்தது. கண்ணாடிக்காரர்தான் அதிகம் சிரித்தார்.

கூட்டம் கலைந்தபின் அம்மா மெல்ல நடந்து பச்சைப் படத்தின் முன்னால் போய் நின்றார். கணவர் பக்கத்தில் வந்து நின்றார். படத்துக்குக் கீழே ‘சேகரித்தவர் சொன்னது:’ என்று அச்சிட்டு, பக்கத்தில் வெறுமையாக விட்டிருந்தார்கள். வந்த பார்வையாளர் ஒருவர் குனிந்து அதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார்.

“இதுல மட்டும் ஏதோ விட்டுப்போச்சு போலிருக்கே” என்றார் அம்மாவிடம்.

“விட்டுப்போகலைங்க” என்றார் அம்மா.